ஒரு ஷில்லிங், 12 அணா: கல்கத்தாவிலிருந்து பிஜிக்குப் போனவர்களின் கூலிக் கணக்கு

1916-இல் சி. எஃப். ஆண்ட்ரூசும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் பிஜித் தீவின் ஒப்பந்தக் கூலிமுறை பற்றி வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. ஆள்சேர்ப்பில் சொல்லப்பட்ட 12 அணா நாட்கூலி, பிஜியின் விலைவாசியில் இந்தியாவின் 5 அணாவுக்குக்கூட ஈடாகாது; படிப்பறிவில்லாத கிராமத்தானுக்கு இதை யாரும் விளக்கவில்லை என்பது அதன் சாரம். கூலிமுறை ஒழிப்புக்கு இந்த ஒற்றை வரி செய்த உதவி பெரிது. மேடைக்கு ஏற்ற கணக்கு அது, யாருக்கும் புரியும். ஆனால் வரலாற்றுக் கணக்காக அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 12 அணா கைக்கு வந்தது, கடையில் கரைந்தது என்று அது நம்மை நம்பவைக்கிறது. கைக்கே வரவில்லை என்பதுதான் என் வாதம். ஏன் வரவில்லை என்பதற்கான விடை, கல்கத்தாவின் ஒப்பந்தப் படிவத்திலேயே இருக்கிறது.

இருவரும் சாந்திநிகேதனோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். 1915-இன் பிற்பகுதியில் பிஜிக்குப் போய் நேரில் பார்த்து எழுதினார்கள். அவர்களுடைய நேர்மை பற்றிக் கேள்வியே இல்லை. படிவம் குற்றவியல் தண்டனைகளை மறைத்தது என்பதையும் அவர்கள் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறார்கள். என் கேள்வி அந்த 5 அணா பற்றி மட்டும். அவர்கள் போனபோது உலகப் போர் தொடங்கி ஓராண்டு தாண்டியிருந்தது. பிஜியின் கூலிகள் தின்ற அரிசியிலும் பருப்பிலும் பெரும்பகுதி கப்பலில் வந்தது. போர்க்காலக் கப்பல் கட்டணம் ஏறினால் தட்டில் விழும் சோறு குறையும். 1915-இன் கடைவிலையைக் கொண்டு 1879 தொடங்கி நடந்த முறை முழுவதையும் எடைபோடுவது சரியாகாது. இரண்டாவது சிக்கல், ஒப்பிட வேண்டிய இந்திய விலை எது என்பது. கோரக்பூர், பஸ்தி மாவட்டத்துக் கிராமத்து விலையா, கல்கத்தா கடைத்தெரு விலையா? இரண்டுக்கும் இடைவெளி சிறியதல்ல. 5 அணா என்ற எண் எந்தச் சந்தையில் பிறந்தது என்று தெளிவாகாதவரை அதை உவமையாக எடுத்துக்கொள்ளலாம். அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது மறுப்பே முக்கியமானது. அதற்குப் படிவத்தை வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

கல்கத்தாவின் கார்டன் ரீச் டிப்போக்களில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்கு உரிய அந்த அரசாங்கப் படிவம் சொல்வது இது. வேலை: நிலத்தைப் பயிர்செய்வது, அல்லது விளைச்சலைத் தோட்டத்தில் பதப்படுத்துவது. காலம்: 5 ஆண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 9 மணி, சனிக்கிழமை 5 மணி. நாட்கூலியானால் ஆணுக்கு 1 ஷில்லிங்குக்குக் குறையாது, அது தற்சமயம் 12 அணாவுக்குச் சமம். பெண்ணுக்கு 9 பென்ஸ், தற்சமயம் 9 அணா. அளந்து விடும் வேலையானால், அதாவது டாஸ்க் ஆனால், முடித்த ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அதே கூலி. திடகாத்திரமான சாதாரண ஆண் 6 மணி நேரம் இடைவிடாமல் உழைத்தால் முடிக்கக்கூடியது ஆணின் டாஸ்க். அதில் முக்கால் பங்கு பெண்ணின் டாஸ்க். தோட்டத்துக்கு வந்த முதல் 6 மாதம் முதலாளி ரேஷன் தருவார்; 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அதன் செலவு நாளுக்கு 4 பென்ஸ், தற்சமயம் 4 அணா.

முதலில் நாணயக் கணக்கு. 12 பென்ஸுக்கு 12 அணா, 9-க்கு 9, 4-க்கு 4. ஒரு பென்னி ஒரு அணாவுக்குச் சரியாக நிற்கிறது. ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்தால்தான் இது பொருந்தும். லியோனிடாஸ் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு 1879 மே 14-இல் பிஜி சேர்ந்தபோது ரூபாய் ஏறக்குறைய 1 ஷில்லிங் 8 பென்ஸ். அன்று ஒரு ஷில்லிங் 9 அணா 7 பைதான் பெறும். வெள்ளி விலை சரியச் சரிய ரூபாயும் இறங்கி, 1894-95-இல் 13 பென்ஸ் அளவுக்கு வந்தது. அப்போது ஷில்லிங் 14 அணா 9 பை. 1898 வாக்கில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைத்தது. ஆக, 12 அணா என்று அச்சிட்ட படிவம் முதல் கப்பலோடு சேர்ந்ததாக இருக்க முடியாது.

அப்படியானால் எப்போதையது? 1880-களின் கடைசியிலும் 1890-களின் தொடக்கத்திலும் மாற்று விகிதம் சில காலம் 1 ஷில்லிங் 4 பென்ஸை ஒட்டி ஏறி இறங்கியது. ‘தற்சமயம்’ என்ற எச்சரிக்கைச் சொல் அந்த நிலையற்ற காலத்துக்குப் பொருந்துகிறது. கூடாமலும் குறையாமலும் நிற்கும் சமன்பாடு 1898-க்குப் பிந்திய நிலைத்த காலத்துக்குப் பொருந்துகிறது. பழைய வாசகத்தை வைத்துக்கொண்டே எண்ணை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். எனக்கு 1898-க்குப் பிந்திய காலமே சரியென்று படுகிறது. ஆனால் நாணய மாற்றை மட்டும் வைத்து இதற்கு மேல் கையை நீட்ட முடியாது.

இந்தத் தேதிப் பிரச்சினை வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. ஷில்லிங் 1879-இலும் ஷில்லிங்தான், முறை முடியும் வரை ஷில்லிங்தான். தோட்ட முதலாளி ஒரு பென்னியும் கூட்டவில்லை. ஆனால் கல்கத்தாவில் சொல்லப்படும் தொகை மட்டும் 9½ அணாவிலிருந்து 12 அணாவாக வளர்ந்தது. ஆள்பிடிக்கும் ஆர்காட்டி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. லண்டன் வெள்ளிச் சந்தை அவனுக்காக எண்ணை உயர்த்திக் கொடுத்தது.

இனி ரேஷன் வரி. ஒரு வாரத்துக்கு ஐந்தரை டாஸ்க். ஒன்றுவிடாமல் முடித்த ஆணுக்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 66 பென்ஸ். ரேஷனுக்கு ஞாயிறும் உண்டு: ஏழு நான்கு 28 பென்ஸ். மிச்சம் 38 பென்ஸ், படிவத்தின் கணக்கிலேயே 2 ரூபாய் 6 அணா. அதே ஆள் 4 டாஸ்க்தான் முடித்தான் என்று வைத்துக்கொள்வோம். 48-இல் 28 போனால் 20. 1 ரூபாய் 4 அணா. வேலை கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்தால் கையில் நிற்பது பாதியளவுக்கு விழுகிறது. 3 டாஸ்க் என்றால் 8 அணா. பெண்ணின் கணக்கு இன்னும் மோசம். கூலி முக்கால், டாஸ்க்கும் முக்கால், இதுவரை நியாயம். ஆனால் ரேஷன் செலவு முழு 4 பென்ஸ். ஐந்தரை டாஸ்க் முடித்தவளுக்கு மிச்சம் 21½ பென்ஸ். 3 டாஸ்க் முடித்தவளுக்குக் கூலி 27, ரேஷன் 28. வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு முதலாளிக்கு ஒரு பென்னி கடன்.

இந்தக் கணக்கில் பிஜிக் கடைத்தெருவின் விலை எங்கேயும் வரவில்லை. முதல் ஆறு மாதத்துக்கு அரிசி விலை ஏறினாலும் இறங்கினாலும் பிடித்தம் 4 பென்ஸ்தான். ஆண்ட்ரூஸ்-பியர்சனின் 5 அணா, வந்து சேர்ந்தவனின் மிகக் கஷ்டமான காலத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அவனுடைய வருமானத்தைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ஐந்தரையில் எத்தனை முடித்தான் என்பது.

அங்கேதான் கைத்தேர்ச்சி வந்து நிற்கிறது. ‘சாதாரண ஆண்’ யார்? 6 மணி நேரம் என்று சட்டம் சொல்லும். சங்கிலி பிடித்து அளந்து விடுகிறவர் ஓவர்சியர், பக்கத்தில் கங்காணியாக நிற்கும் சர்தார். களை மண்டிய வரப்பும் மழை பெய்து இளகிய வரப்பும் ஒன்றல்ல. கரும்புக் கத்தியில் கை படிந்தவன் மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போவான். புதிதாக வந்தவன் பொழுது சாயும் வரை நின்றாலும் மூலை மிஞ்சும். மூலை மிஞ்சினால் டாஸ்க் முடியவில்லை. முடியாத டாஸ்க்குக்குக் கூலியே கிடையாது என்று வாதாட இடமும் உண்டு, சட்டப்படி வழக்கும் உண்டு. அபராதம் ஒரு பக்கம், வேலைக்கு வராத நாட்களைக் கடைசியில் சேர்த்து ஒப்பந்தத்தை நீட்டுவது இன்னொரு பக்கம். ரேஷன் பிடித்தம் நடக்கும் ஆறு மாதமும், கை இன்னும் படியாத ஆறு மாதமும் ஒன்றேதான். இது தற்செயல் அல்ல, திட்டமிட்டதே என்று சொல்லுமளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. புதிதாக வந்தவர்கள் காசை மிச்சம் பிடிக்கப் பட்டினி கிடந்துவிடுவார்கள் என்பதே ரேஷனைக் கட்டாயமாக்கியதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மையும் இருந்திருக்கலாம். விளைவு மட்டும் மேலே போட்ட கணக்கு.

ஊரிலிருந்து கொண்டுபோன தொழிலறிவுக்கு இந்தப் படிவத்தில் இடமே இல்லை. வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் கல்கத்தாக் குடியேற்றச் சீட்டுகளை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட நூல், போனவர்கள் வட இந்தியக் கிராம சமூகத்தின் எல்லா அடுக்குகளையும் சேர்ந்தவர்கள் என்று நிறுவியது. கோரி, லோஹார், கும்ஹார் என்று நெசவு, கொல்லு, மட்பாண்டத் தொழில்சார்ந்த சாதிகளும் அதில் உண்டு. சாதிப் பெயரை வைத்து ஒருவன் தறியில் உட்கார்ந்தவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உட்கார்ந்தவனாகவே இருந்தாலும் தோட்டத்தில் அவன் ‘சாதாரண ஆண்’. பழைய தேர்ச்சிக்குச் சல்லிக்காசு இல்லை; புதிய தேர்ச்சி வரும்வரை கூலியும் முழுசாக இல்லை. பிஜியில் கூலி உயர்வு என்று ஒன்று நடந்திருந்தால் அது இப்படித்தான் நடந்தது: விகிதம் உயரவில்லை, ஆள் தேறினான்.

இந்த ஏற்பாடு கல்கத்தாவில் எப்படி உருவானது என்று பார்க்கப் பின்னால் போக வேண்டும். 1834 செப்டம்பர் 10-இல் கல்கத்தாவில் ஹண்டர் அர்பத்னாட் கம்பெனிக்காக 36 தாங்கர் மலைவாசிகளிடம் எழுதி வாங்கிய மொரீஷியஸ் ஒப்பந்தம் வேறு மாதிரி. 5 ஆண்டு, மாதம் 5 ரூபாய், உணவும் துணியும் தோட்டக்காரர் பொறுப்பு, 6 மாதச் சம்பளம் முன்பணம், ஊர் திரும்பும் செலவுக்காக மாதம் 1 ரூபாய் பிடித்து வைப்பது. கொடுமை இல்லாத ஒப்பந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. முன்பணம் கழிந்து, பிடித்தமும் போனால் கையில் எத்தனை மாதம் காசைப் பார்த்திருப்பான் என்று கேட்கலாம். ஆனாலும் அதில் மூன்று ஆபத்துகள் தொழிலாளியின் தலையில் விழவில்லை. கூலி ரூபாயில் சொல்லப்பட்டது. உணவின் விலை முதலாளி தலையில். மாதச் சம்பளம் ஆதலால் வேலையின் வேகம் கூலியை அசைக்காது. மொரீஷியஸ் முதலாளிகள் இந்த மூன்றாவதை வேறு வழியில் சரிக்கட்டினார்கள்: ஒரு நாள் வராதவனுக்கு இரண்டு நாள் கூலியை வெட்டும் ‘இரட்டை வெட்டு’. பிஜிப் படிவத்துக்கு அந்த வெட்டு தேவைப்படவில்லை. டாஸ்க் என்ற ஒரு சொல்லுக்குள் அது அடங்கிவிட்டது. 1834-க்கும் 1900-க்கும் நடுவில் அரசாங்கக் கண்காணிப்பு வளர்ந்தது, கப்பலில் டாக்டர் வந்தார், படிவம் பல மொழியில் அச்சானது. அதே காலத்தில் மூன்று ஆபத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிலாளியின் பக்கம் தள்ளப்பட்டன. எந்த ஆண்டில் எது தள்ளப்பட்டது என்பது காலனிக்குக் காலனி வேறுபடும். நேர்க்கோடு போட முடியாது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. 1913-இல் இந்திய அரசாங்கத்துக்காகப் பிஜி உட்படப் பல காலனிகளைச் சுற்றிவந்த மெக்நீலும் சிம்மன் லாலும் முறையின் குறைகளைச் சொன்னாலும், பொருளாதார ரீதியில் பெரும்பாலோர் முன்னேறினார்கள் என்ற கருத்தையே தங்கள் அறிக்கையில் தந்தார்கள். சேமிப்பும் ஊருக்கு வந்த பணமும் அவர்களுக்குச் சாட்சி. ஷில்லிங்கில் சேமித்தவனுக்கு ரூபாய் இறங்க இறங்க லாபம் என்பதும் உண்மை. 1879-இல் போய்ப் பத்தாண்டு கழித்து இலவசக் கப்பலில் திரும்பியவன், ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் கூடுதலாக 2 அணா பெற்றிருப்பான். ஆனால் இது சேமித்தவனின் கதை. சேமித்தவன் ஐந்தரை டாஸ்க்கும் முடித்தவன். அல்லது கடை வைத்தவன், வட்டிக்கு விட்டவன், சர்தாரானவன். ஒருவர் பையில் நிறைந்ததைப் பத்துப்பேர் தலைக்கும் பங்கிட்டுச் சராசரி சொல்வதுதான் அந்த அறிக்கையின் பலவீனம். ஆண்ட்ரூஸ் எல்லாரையும் ஏமாந்தவர்களாகப் பார்த்தார், மெக்நீல் எல்லாரையும் சேமித்தவர்களாகப் பார்த்தார். டாஸ்க் வாசகமோ ஒரே கூலி வரிசையில் நிற்பவர்களை இரண்டாகப் பிரித்தது.

பிஜிக்கு வந்து சேர்ந்தவர்களில் 45,439 பேர் கல்கத்தா வழியாகவும் 15,114 பேர் 1903 முதல் சென்னை வழியாகவும் போனவர்கள். இந்தக் கணக்கு தமிழர், தெலுங்கர், மலையாளிகளுக்கும் அப்படியே பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது. 1903-இல் போனவன் தொடக்கத்திலிருந்தே நிலைத்த ரூபாயில் கணக்குப் பார்த்தான். வெள்ளிச் சரிவின் லாபம் அவனுக்குக் கிடையாது. அந்த வகையில் தென்னிந்தியனின் ஷில்லிங், 1880-களில் போன வடநாட்டானின் ஷில்லிங்கை விட மெலிந்தது என்றே சொல்லலாம்.

மிஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1-இல் ரத்தாயின. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் திரும்பி வந்தவர்களில் பலர் ஊரில் ஒட்ட முடியாமல் கல்கத்தாவின் மட்டியாபுருஜில் வந்து குவிந்து, மறுபடி காலனிக்கே அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார்கள். சாதி விலக்கு, உறவினர் பிடுங்கல், காய்ச்சல் என்று இதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றோடு நாணயத்தையும் சேர்க்க வேண்டும். 1920 பிப்ரவரியில் ரூபாய் திடீரென ஏறி 2 ஷில்லிங் 8 பென்ஸைத் தாண்டியது. அந்த வாரங்களில் ஒரு ஷில்லிங் 6 அணாவுக்கும் குறைவு. ஆண்டு முடிவதற்குள் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக, 5 ஆண்டு உழைப்பின் சேமிப்பு பாதியாக வந்ததா முழுசாக வந்ததா என்பது, கப்பல் ஹூக்ளியில் எந்த மாதம் நுழைந்தது, காசை எந்த மாதம் மாற்றினான் என்பதைப் பொறுத்தது. மட்டியாபுருஜில் நின்றவர்களைக் கப்பல்வாரியாகவும் மாதவாரியாகவும் பிரித்துப் பார்த்தால், இந்த ஊகம் நிற்குமா விழுமா என்று சொல்லிவிடலாம்.