கரையிலிருந்து வந்த சிரிப்பு: நடிகர் ஜே.பி. சந்திரபாபு

மலர்க் குழுவிலிருக்கும் தம்பி ஒருவர் போன் செய்து, “அண்ணே, வரலாற்றுப் பகுதிக்கு ஒரு கட்டுரை கொடுங்க. டச்சுக்காரன் கல்லறை மட்டும் வேணாம், போன தடவையே போட்டாச்சு” என்றார். பழவேற்காட்டுக்காரன் என்றாலே கல்லறையைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்துவிட்டார் போலும்! எனவே, சிரிக்க வைத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் வருடம், வகுப்பில் வாயைத் திறந்தாலே பின் பெஞ்சில் சிரிப்பார்கள். “என்னாடா மீன் வாடை அடிக்குது உன் பேச்சுல” என்பார்கள். நாளடைவில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் பொன்னேரியில் ‘சபாஷ் மீனா’ மறுபடியும் திரையிட்டார்கள். 1958-ல் வந்த படம். அதில் சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக வந்து அவர் சென்னைத் தெருப்பேச்சை அள்ளிவிடுகிறார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஆனால் யாரும் அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கவில்லை; அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அவரும் ஒரு கடற்கரைப் பிள்ளை என்பது பிறகுதான் தெரியவந்தது. 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர்ப் பனிமய மாதாவின் நினைவாக வைத்த பெயர் பனிமயதாஸ். நாங்கள் பட்டினவர், அவர்கள் பரதவர். அவர்களுக்குப் பனிமய மாதா, எங்கள் ஊரில் மகிமை மாதா. முத்துக்குளித்துறையிலும் பழவேற்காட்டிலும் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே மணி அடிக்கிறது. உப்புக்காற்று இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே!

தந்தை ரோட்ரிக்ஸ் பத்திரிகை நடத்திய சுதந்திரப் போராட்டக்காரர். குடும்பம் இலங்கைக்குப் போனதால் மகன் கொழும்பில் படித்தார். 1943-ல் சென்னை வந்து திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். 1947-ல் ‘தன அமராவதி’ முதல் படம். அதன் பிறகும் வாய்ப்புத் தேடி அலைச்சல்தான். மனம் உடைந்து 1952-ல் ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை விடத் துணிந்து, பிழைத்து, வழக்கையும் சந்தித்தார். நீதிமன்றத்தில் தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டு, காயம் உங்களுக்குத் தெரியும், வலி எனக்குத்தான் தெரியும் என்ற பொருளில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதே ஜெமினியின் எஸ்.எஸ். வாசன்தான் ‘மூன்று பிள்ளைக’ளில் அவருக்கு வேடம் கொடுத்தார்.

பிறகு ஏறுமுகம்தான். நடிப்பு, நடனம், பாட்டு மூன்றும் ஒரே ஆளிடம். ஐரோப்பிய மலைவாசிகள் மலைக்கு மலை குரலை உடைத்துக் கூப்பிடும் ‘யோடலிங்’ பாணியைத் தமிழ்ப் பாட்டில் கொண்டுவந்தார். படகுக்குப் படகு குரல் கொடுத்து வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாகவே படவில்லை. ‘சகோதரி’ (1959) முடிந்த பிறகு படம் கனமாக இருக்கிறதென்று ஏவி.எம். நினைத்தபோது, இவருடைய பால்காரர் நகைச்சுவையைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். அந்தளவுக்கு மவுசு!

அப்புறம் சறுக்கல். எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது, கடன் ஏறியது. 1966-ல் தானே இயக்கி, சாவித்திரியோடு நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ வந்தது. வேதாகம வசனம்தான் படத்தின் தலைப்பு. ஆனால் கதவு திறக்கவில்லை. 1974 மார்ச் 8-ல் காலமானார். வயது 46.

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதை ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். எத்தனை கெட்டிக்காரனும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எத்தனை நொடித்தவனுக்கும் அவன் முறை வந்தே தீரும். சினிமாவில் பாடு கிடையாது. கிடைத்தால் கடல் முழுக்க ஒருவனுக்கு. போனால் வலையும் சேர்ந்து போகும். சந்திரபாபுவிடம் திறமைக்குக் குறைவில்லை. அவருக்கு மறுமுறை வைக்கத்தான் அங்கே ஊர்க்கூட்டம் இல்லை.

சாந்தோம் பக்கம், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், குவிபிள் ஐலண்ட் கல்லறையில் அவர் இருக்கிறார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் முகத்துவாரத்தில் அடிக்கும் அதே காற்று. (தம்பி மன்னிக்கவும், கடைசியில் கல்லறைக்கே வந்துவிட்டேன்!)

இன்று குப்பங்களிலிருந்து படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பேச்சை மறைக்காதீங்க. ஒரு கலைஞன் அதுபோன்ற பேச்சை வைத்துத்தான் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தான். பழைய மாணவர்களான நமக்கு ஒன்று: கூடப் படித்தவன் நொடித்துக் கிடந்தால் அவனுக்கும் ஒரு பாடு வைப்போம். ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டுக் கலைவதற்கு மட்டுமா சங்கம்?