ஆன்மிகப் பண்ணைகளில் தன்னார்வத் தொண்டு: கடலூர், சிதம்பரம் வட்டாரம்

ஆன்மிகப் பண்ணைத் தொண்டு என்பது, ஏதேனும் ஒரு வழிபாட்டு நெறியையோ வாழ்க்கை நெறியையோ ஏற்றுச் சிறு குழுவாகக் கூடி வாழ்வோரின் நிலத்தில், வெளியார் வந்து தங்கி, கூலி பெறாமல், உணவும் உறைவிடமும் பயிற்சியும் மட்டும் பெற்றுக்கொண்டு சில வாரங்களோ மாதங்களோ உழைக்கும் முறையாகும். இதன் இன்றைய வடிவம் இங்கிலாந்தில் 1971இல் சூ கோப்பர்டு தொடங்கிய வூஃப் இயக்கத்தின் வழி உலகெங்கும் பரவியது. நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் வார இறுதிகளில் இயற்கைப் பண்ணைகளுக்குச் சென்று உழைத்துவிட்டு வருவதே அதன் தொடக்க நோக்கம். இப்பண்ணைகள் பலவற்றில் கையாளப்படும் பெர்மாகல்ச்சர், அதாவது நிலைபேற்று வேளாண்மை, ஆஸ்திரேலியரான பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் வெளியிட்ட நூலின் வழி அறிமுகமானது. மரம், பயிர், கால்நடை, குடியிருப்பு, நீரோட்டம் ஆகியவற்றை ஒன்றன் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி ஒரே திட்டத்துக்குள் அமைப்பதும், மண்ணைப் பேணல், மக்களைப் பேணல், மிகுந்ததைப் பகிர்தல் என்னும் மூன்று அறங்களைக் கொள்வதும் அதன் அடிப்படை.

பெயர் புதிதாயினும், பக்தியின் பகுதியாகக் கூலியின்றி மண்ணில் உழைக்கும் வழக்கம் கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னாற்காட்டுக்குப் புதிதன்று. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், ஏழாம் நூற்றாண்டில், களை செதுக்கும் கருவியான உழவாரத்தையே தம் அடையாளமாகக் கொண்டவர். அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டும் மெழுகியும் செய்த பணியின் தொடர்ச்சி அது. கோயில் வளாகத்துப் புதரை அகற்றும் உழவாரப்பணிக் குழுக்கள் இன்றும் தமிழகமெங்கும் இயங்குகின்றன. எனினும் களையைச் செதுக்கி வெளியேற்றுவது அந்த மரபு. களையை வெட்டி அங்கேயே மூடாக்காகப் பரப்புவது பண்ணை மரபு.

இவ்வட்டாரத்தில் நிலம், தொண்டு, ஆன்மிகம் மூன்றையும் ஒருசேர இணைத்த முதன்மையான அமைப்பு வடலூர்ச் சத்திய தருமச்சாலை. சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த இராமலிங்க அடிகள், பசியைப் போக்குவதே வழிபாடு என்னும் சீவகாருண்ய நெறியை வகுத்து, 1867 மே 23 அன்று இச்சாலையைத் தொடங்கினார். அதற்காக வடலூர்ப் பகுதியிலுள்ள பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை வழங்கினர். ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர் என்பதால் இது 100 ஏக்கருக்குச் சற்று மிகுதியாகும். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது அவர் நெறியைப் பின்பற்றும் சன்மார்க்க அன்பர்களின் மரபு. விளைந்ததில் ஒரு பங்கை உழவர்கள் கொண்டுவந்து சேர்ப்பதும், தைப்பூச நாட்களில் காய் நறுக்கவும் பரிமாறவும் ஊர் ஊராக ஆட்கள் வந்து நிற்பதும் எவருடைய அழைப்புக்கும் காத்திராமல் நடைபெறுகின்றன. தருமச்சாலையைப் பண்ணை என்று சொல்ல இயலாது. ஆனால் உழைப்பைக் கொடுப்பவனும் உணவைப் பெறுபவனும் ஒரே பந்தியில் அமரும் அதன் ஏற்பாடு, பின்வந்த பண்ணைக் குழுக்கள் வெளிநாட்டு நூல்களில் தேடிய ஒன்றை உள்ளூரிலேயே ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடத்திக் காட்டியிருந்தது. கொடையாக வந்த அந்நிலத்தின் பெருவெளியில் இராமலிங்க அடிகள் பெயரில் பன்னாட்டு மையம் அமைக்க 2024இல் அரசு பணி தொடங்கியபோது பார்வதிபுரத்தார் எதிர்த்தனர் என்பது, தானமாகத் தந்த நிலத்தின் மீதும் அதன் பயன்பாட்டின் மீதும் தந்தவர் வழியினருக்கு உள்ள பற்றைக் காட்டுகிறது.

இன்றைய பொருளில் தன்னார்வப் பண்ணைகள் செறிந்திருப்பது கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட அந்நகர், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் அப்போது அடங்கியிருந்தது. 1993இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. மண்ணளவில் கடலூருடனான உறவு இன்னும் நெருக்கமானது. ஆரோவில் மேட்டுநிலம், நில இயலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டுள்ள அடுக்கின் மீது அமைந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும், பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வளரும் செம்மண்ணுக்கு அடியில் இருப்பதும் இதே அடுக்குதான். மரப்போர்வை நீங்கினால் வடகிழக்குப் பருவமழையில் இச்செம்மண் விரைந்து கரைந்து ஆழமான ஓடைப் பள்ளங்களாகப் பிளக்கும். தொடக்கத்தில் வந்து குடியேறியவர்கள் கண்டது அத்தகைய பொட்டல். உடலுழைப்பும் யோகமே என்று கொள்ளும் ஸ்ரீ அரவிந்தர் நெறியைப் பின்பற்றிய அவர்கள், சுற்றுக் கிராமத்தாரின் கூலி உழைப்பையும் துணைகொண்டு, கரை கட்டி மழைநீரை நிறுத்தி மரம் வைத்தனர். அவ்வாறு நட்டவை இருபது லட்சத்துக்கு மேல் எனக் கணக்கிடப்படுகிறது.

தொண்டர்களையே முதன்மை உழைப்பாகக் கொண்டு வளர்ந்த குழுவுக்குச் சிறந்த சான்று ஆரோவில்லின் சாதனா வனம். இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதியர் 2003 டிசம்பரில், அரிப்புக்கு உள்ளான ஏறத்தாழ 70 ஏக்கரில் இதைத் தொடங்கினர். கோரமண்டல் கரைக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டை மீட்பது இதன் குறிக்கோள். வீரை, பாலை, காயா, நாவல் முதலிய மரங்கள் கொண்ட இக்காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. கடலூர் மாவட்டத்துக் குழந்தைக்குப்பமும் திருமாணிக்குழியும் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ள இரண்டு எச்சங்கள். சாதனா வனத்தில் காலை வேலைக்குச் சேவை என்றே பெயர். விடிந்ததும் ஒரு சேவை, காலை உணவுக்குப் பின் மற்றொரு சேவை என அன்றைய உழைப்பு முடிகிறது: மழைநீரைத் தேக்கும் சமமட்டக் கரைகள் எடுத்தல், தடுப்பணை கட்டுதல், நாற்றங்கால் பராமரித்தல், மூடாக்கு இடுதல், மனிதக் கழிவை உரமாக்கும் உலர் கழிப்பறைகளைப் பேணுதல், பலருக்குமான சமையல். பாலும் விலக்கிய மரக்கறி உணவும், மதுவும் புகையும் இல்லாத வாழ்வும் அங்கு விதி. பாலை விலக்கும் வழக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், உயிர்களிடம் காட்டும் கருணை பற்றிய இவ்விதிகள் வடலூருக்கு அந்நியமானவை அல்ல.

இதிலிருந்து வேறுபட்டது, இங்கிலாந்தில் பிறந்து தமிழிலேயே வகுப்பெடுக்கும் கிருஷ்ணா மெக்கன்சி 1996இல் தொடங்கிய சாலிட்யூட் பண்ணை. ஜப்பானியரான மசானொபு ஃபுக்குவோக்காவின் உழாத வேளாண்மையைப் பின்பற்றும் இச்சிறு பண்ணையில், பிரண்டை, மணத்தக்காளி போன்று தானாக வளர்பவற்றை உணவாகக் கொள்ளும் பழைய தமிழ் அறிவு மீட்கப்படுகிறது. இங்கே வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டர் கற்றுக்கொள்வது பெரும்பாலும் உள்ளூர்ப் பாட்டிமார் அறிந்திருந்ததே.

சிதம்பரம் பக்கத்தில் நிலைமை வேறு. கீழணையும் வீராணம் ஏரியும் பாசனம் தரும் அந்தக் காவிரிக் கடைமடையில் நீரை நிறுத்துவது அன்று, வடிப்பதே சிக்கல். ஆரோவில் மேட்டில் உயிர் காக்கும் சமமட்டக் கரையை இங்கு அப்படியே கொண்டுவந்தால் சம்பா அழுகிப்போகும். பெர்மாகல்ச்சர் பயிற்சிகள் பல இவ்வேறுபாட்டைப் போதிய அளவு வற்புறுத்துவதில்லை. எனினும் இப்பகுதிக்கும் இயற்கை வேளாண்மைக்கும் தொடர்பு உண்டு; தமிழக இயற்கை வேளாண் இயக்கத்துக்கு முகமாக விளங்கிய கோ. நம்மாழ்வார் வேளாண்மையில் பட்டம் பெற்றது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். கோவில்பட்டி அரசு ஆய்வுப் பண்ணையில் இரசாயன உரத்தின் போதாமையைக் கண்டு 1969இல் பணியை விட்ட அவர், பிற்காலத்தில் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்னும் பண்ணையை நிறுவினார். 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வினோபா பாவேயின் தாக்கம் பெற்ற அவரிடம் ஆன்மிகம் வழிபாடாக அல்லாமல் எளிமையாக வெளிப்பட்டது; தமிழ் இளைஞர்கள் தொண்டுக்குச் செல்லும் பண்ணைகளில் வானகத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

இம்முறையை மதிப்பிடும்போது தவிர்க்க இயலாத கேள்வி, கூலியில்லா உழைப்பு பற்றியது. சிதம்பரம் வட்டாரத்தின் நினைவில் பண்ணை என்றவுடன் வருவது நந்தன். கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடிய நந்தனார் சரித்திரத்தில், தில்லையைக் காண விடை கேட்ட பண்ணையாளுக்கு ஆண்டை இட்ட நிபந்தனை நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடிப்பது. நந்தனின் வழிவந்தோருக்குச் சட்டப்படி விடுதலை தந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. விரும்பி வந்து, விரும்பியபோது செல்லும் தொண்டரின் உழைப்பை அதனோடு ஒப்பிட முடியாது. ஆனால் அருகிலுள்ள சிற்றூர்ப் பெண்கள் பெறும் நாட்கூலியைத் தொண்டு குறைத்துவிடக் கூடாது என்பதைப் பண்ணைகள் தாமே காத்துக்கொள்ள வேண்டியுள்ளது. மாதக்கணக்கில் மாறும் தொண்டர்களால் கரை எடுக்கவும் நாற்று நடவும் இயலும். எந்த மூலையில் எப்போது நீர் தேங்கும், எந்த விதை எந்தப் பட்டத்துக்கு உரியது என்பதை ஆண்டு முழுவதும் அங்கிருப்பவரே அறிவர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், ஆரோவில்லில் முன்னோடியாக நட்டிருந்த ஆஸ்திரேலிய வேல மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. பண்ருட்டியின் முந்திரியும் பலாவும் அழிந்தன. அதன் பின்னான மறுநடவில் தொண்டர்களின் எண்ணிக்கை உதவியது, எதை நடுவது என்பதை முடிவு செய்தது உள்ளிருந்தோர் அனுபவம்.

தொண்டுக்கு வர விரும்பும் வெளிநாட்டவருக்கு இந்திய மின்-சுற்றுலா விசாவில் ஒரு மாதத்துக்கு மேற்படாத, பணமோ வேறு கைம்மாறோ பெறாத குறுகிய தன்னார்வப் பணிக்கு மட்டுமே இடமுண்டு. நீண்ட காலம் தங்குவோர் வேறு வகை விசா பெற வேண்டும்; தங்கவைப்பவர், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிவுசெய்ய வேண்டும். தொண்டர்கள் மிகுதியாக வருவது மழை ஓய்ந்த டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை. நடவுக்கு ஆள் தேவைப்படுவதோ புரட்டாசி முதல் கார்த்திகை வரை. நிலத்துக்கு உண்மையில் உதவ எண்ணுபவர், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததையும் நினைவில் வைத்து, அந்த மழை மாதங்களில் வருவதே பொருத்தம்.