எழுதாமல் விட்ட கிணறு

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வீடு, வயல், தோப்பு எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். எழுத மறந்த கிணற்றில்தான் சண்டை தொடங்கும். அரசியல் சட்டங்களிலும் அப்படியொரு கிணறு உண்டு. அதன் பெயர் 'எஞ்சிய அதிகாரம்'. எந்த அதிகாரப் பட்டியலிலும் வராத விஷயத்துக்குச் சட்டம் போடுவது மத்தியா, மாநிலமா?

அமெரிக்காவின் 13 மாநிலங்கள் முதலில் செய்துகொண்ட உடன்படிக்கை, மத்திக்கு 'வெளிப்படையாக' வழங்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கே என்றது. வரி விதிக்கக்கூட வழியின்றி மத்திய அரசு திண்டாடியது. 1787-இல் பிலடெல்பியாவில் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. மாநிலங்களின் அச்சத்தைத் தணிக்க, எஞ்சியது மாநிலங்களுக்கே என்ற திருத்தம் 1789-இல் வந்தபோது, 'வெளிப்படையாக' என்ற அந்தப் பழைய சொல்லையும் சேர்க்கச் சொன்னார் தென் கரோலினாவின் தாமஸ் டக்கர். ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார், சொல் விழுந்தது. 1819-இல் தேசிய வங்கி செல்லும் என்று தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், விடுபட்ட அந்தச் சொல்லை மறக்காமல் சுட்டிக்காட்டினார். ஏனென்றால், வங்கி என்ற பேச்சே அரசியல் சட்டத்தில் இல்லை!

பக்கத்து வீட்டின் உள்நாட்டுப் போரைக் கனடா பார்த்துக்கொண்டிருந்தது. மாநிலங்களுக்கு அள்ளிக் கொடுத்ததால் வந்த வினை என்று நினைத்தார் கனடாத் தலைவர் ஜான் மெக்டொனால்டு. 1867-இல் கனடா அமெரிக்க ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, எஞ்சியதை மத்திக்குக் கொடுத்தது. 1901-இல் ஆஸ்திரேலியா மறுபடி அமெரிக்க வழிக்கே போனது.

இந்தியாவுக்கு 1935-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பட்டியல்களைத் தந்தது. எஞ்சியது மத்திக்கு என்றார்கள் சிலர். மாகாணங்களுக்கு என்றார்கள் முஸ்லிம் தலைவர்கள். உடன்பாடு வரவில்லை. ஆங்கிலேயர் கிணற்றுச் சாவியைத் தலைமை ஆளுநரிடம் கொடுத்துவிட்டார்கள்.

1946 டிசம்பரில் நேரு அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்த தீர்மானம் எஞ்சியதை மாகாணங்களுக்கே அளித்தது. 1947 ஜூன் 3-ஆம் தேதி பிரிவினைத் திட்டம் வெளியானது; முஸ்லிம் தலைவர்களுக்காக விட்டுக்கொடுக்கும் தேவை போனது. ஜூலை 5-ஆம் தேதியே, அதே நேரு தலைமையிலான குழு எஞ்சியதை மத்திக்கு மாற்றியது. இன்று அது அரசியல் சட்டத்தின் 248-ஆவது பிரிவு.

மாநிலங்களிடம் அதை ஒப்படைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் பரிந்துரைத்தது. ஒன்றும் மாறவில்லை. 1994-இல் தொலைபேசிக் கட்டணத்தோடு 5 சதவீத சேவை வரி வந்தது நினைவிருக்கலாம். எந்தப் பட்டியலிலும் பெயரில்லாத அந்த வரி, இந்தக் கிணற்றிலிருந்து இறைத்ததுதான்.