பாடி போகும், லென்ஸ் நிற்கும்

ஆபீசில் யாராவது கேமரா வாங்கப் போகிறேன் என்று வந்தால் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். "எந்த லென்ஸ்?" என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டீக்கடையில் நின்று விளக்கம் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இந்தப் பதிவு. இனிமேல் யார் கேட்டாலும் சுட்டியைக் கொடுத்துவிட்டு டீயை நிம்மதியாகக் குடிக்கலாம் :-)

பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய கதையைப் பொதுவாக "பிலிம் செத்தது, சென்சார் வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. கேமராவில் பாதி மாறியது, மறுபாதி மாறவே இல்லை. அந்த மாறாத பாதியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நான் பிழைக்க வந்த இந்த பெங்களூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மாட்டு வண்டியில் போன கேமரா

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவக் கேப்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இருந்தவர். 1854ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். பிறகு சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஒரு சுற்று.

அப்போது பிலிம் கிடையாது. மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். அதுவும் படம் எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவிலேயே நெகட்டிவும் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து, வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள் சின்ன வயதிலிருந்து சாய்ந்து நின்று வேர்க்கடலை தின்ற சுவர் அது. 1860 வாக்கில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அரசு அவர் வேலையை நிறுத்திவிட்டது. கேமரா வைத்திருப்பவனிடம் "எதுக்கு இவ்வளவு செலவு" என்று கேட்பது அப்போதே தொடங்கிவிட்டது :-)

டிரைப்பின் காகிதம் போய்க் கண்ணாடித் தட்டு வந்தது. தட்டு போய் செல்லுலாய்டு சுருள் வந்தது. படம் விழும் பரப்பு மாறிக்கொண்டே இருப்பது ஒன்றும் டிஜிட்டல் காலத்து அதிசயம் இல்லை. அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

1896ல் போட்ட கணக்கு

லென்ஸ் கதை நேர் எதிர். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் உள்ளே பார்த்தால், நடுவில் அப்பெர்ச்சர், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி ஒரே போன்ற கண்ணாடிக் கூட்டங்கள். இந்த அமைப்பு ஜெர்மனியில் சைஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப் 1896ல் வடிவமைத்த 'பிளானார்' லென்ஸின் வாரிசு.

அந்தக் காலத்தில் பிளானாருக்கு ஒரு தலைவலி இருந்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பி எதிரொலிக்கும். பிளானாரில் அப்படி 8 பரப்புகள். கணக்குப் போட்டால் உள்ளே போன வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் வழியிலேயே காலி. அதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே குதித்து படத்தை வெளுக்கச் செய்யும். 1935ல் அதே சைஸில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடி மேல் மிக மெல்லிய பூச்சு கொடுத்து இந்த எதிரொலிப்பைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் ருடால்ஃபின் வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. நாற்பது வருஷம் காத்திருந்து ஜெயித்த லென்ஸ்!

நம்ம ஊர் பிலிம் காலம்

இந்தியாவில் பிலிம் காலம் என்றால் பெரும்பாலான வீடுகளில் ஆக்ஃபா கிளிக் 3 தான். 120 பிலிம், 12 படம், மாற்ற முடியாத ஒரு லென்ஸ். இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாக ஜப்பான் கேமரா எல்லாம் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜார். கொஞ்சம் கைக்கு எட்டியது ரஷ்யாவின் ஜெனிட். கனம் என்றால் அப்படி ஒரு கனம். தெரு நாய் துரத்தினால் கேமராவைக் காட்டினால் போதும்.

பிலிமை நாமே செய்வோம் என்று மத்திய அரசு 1960ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற நிறுவனத்தை ஊட்டியில் தொடங்கியது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்துடன் 1967ல் உற்பத்தி ஆரம்பம். பிராண்டு பெயர் 'இந்து', அதாவது நிலா. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே முதல் கறுப்பு வெள்ளை ரோல் வரை அங்கிருந்து வந்தது.

இந்தச் சூழ்நிலையில் லென்ஸ் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று புரிய இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவரைப் போல எடுத்தவர் குறைவு. அவருக்குப் பிடித்த மாதிரி கேமரா கடையில் கிடைக்கவில்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வேறு!

இன்னொருவர் டி.என்.ஏ. பெருமாள் (1932-2017). தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்தவர். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவரிடம் கற்று, இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் ஆனவர். டிரைப் பெங்களூரிலிருந்து தஞ்சாவூர் போனார், இவர் தஞ்சாவூரிலிருந்து பெங்களூர் வந்தார். வந்தாரை வாழவைக்கும் ஊர் என்பது சரிதான்.

இவர்கள் காலத்தில் ஏஎஸ்ஏ 64 என்றால் அதுவே பலருக்கும் வழக்கமான கலர் ஸ்லைடு பிலிம். விடியற்காலைக் காட்டில் அந்த பிலிமை வைத்துக்கொண்டு ஓடும் மிருகத்தை நிறுத்த வேண்டும் என்றால் வெளிச்சத்தை அள்ளித் தரும் லென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் பிளாஷ் வேண்டும். ஒரு ரோலுக்கு 36 படம். கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்றே தெரியாது.

டிஜிட்டல் வந்த விதம்

1975ல் கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். மொத்தம் 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி. அதை வெளியே விட்டால் பிலிம் வியாபாரம் என்னாவது என்று கோடாக் தயங்கிய கதையும், 2012ல் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்த கதையும் எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத விஷயம் இது: 1991ல் கோடாக் விற்ற முதல் தொழில்முறை டிஜிட்டல் கேமராவின் உடம்பு, நிக்கான் எஃப்3 என்கிற பிலிம் கேமரா! பிலிம் இருக்கும் இடத்தில் 1.3 மெகாபிக்சல் சென்சார், தோளில் ஒரு பெட்டி. முன்னால் மாட்டியது பழைய நிக்கான் லென்ஸ்களையேதான். நிக்கான் 1959ல் கொண்டுவந்த எஃப் மவுண்ட் அது. 1999ல் வந்த நிக்கான் டி1லும் அதே மவுண்ட்.

2003ல் கேனான் 300டி, 2004ல் நிக்கான் டி70 வந்தபோதுதான் நம் மாதிரி மாதச் சம்பளக்காரர்கள் பேச ஆரம்பித்தோம். பெங்களூரில் அப்போது ஐடி சம்பளமும் கேமராவும் ஒன்றாகப் பெருகின. வெளிநாட்டுக்கு ஆன்சைட் போகிறவனிடம் கொடுக்கும் பட்டியலில் சாக்லேட்டுக்கு மேலே லென்ஸ் ஏறியது. சனிக்கிழமை காலை லால்பாக்கில் பூவை விடக் கேமரா அதிகம்.

2006 ஜனவரியில் நிக்கான் பெரும்பாலான பிலிம் கேமராக்களை நிறுத்துவதாக அறிவித்தது. 2009ல் கோடாக்ரோம் நிறுத்தப்பட்டது. 2014ல் ஊட்டி தொழிற்சாலை ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 1996லிருந்தே அது நலிந்த நிறுவனம். ஊட்டியில் 'இந்து நகர்' என்ற பேர் மட்டும் மிச்சம். நம்முடைய சனிக்கிழமை சந்தோஷத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது. அதை மறந்துவிட்டு டிஜிட்டல் புகழ் பாட எனக்கு மனசு வரவில்லை.

50 எப்படி 75 ஆனது?

லென்ஸ் அப்படியே இருந்தது என்றேன். ஆனால் முதல் பத்து வருஷம் அதற்கும் சோதனைதான். மலிவு டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் 35 மி.மீ. பிலிமை விடச் சின்னது. படத்தின் ஓரத்தை வெட்டிவிட்ட மாதிரி. நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு. பிலிமில் கண் பார்ப்பது போலத் தெரிந்த 50 மி.மீ. இப்போது 75 அல்லது 80 மி.மீ. பார்வை தந்தது. வரவேற்பறையில் குடும்பப் படம் எடுக்க சமையலறைக்குள் பின்வாங்க வேண்டும். முகத்தை மட்டும் எடுக்க அதே லென்ஸ் பிரமாதம்.

2006ல் நிக்கான் டி40 வந்தது. மலிவு, சின்னது, அழகு. ஆனால் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஐந்தாறாயிரத்துக்குக் கிடைத்த அருமையான 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கடைசியில் 2009ல் 35 மி.மீ. எஃப் 1.8 வந்தது. அதற்குள் மோட்டார், சின்ன சென்சாரில் பழைய 50ன் பார்வை. தொலைந்த சாவி கிடைத்த சந்தோஷம்.

அநாதைகள் திரும்பி வந்தார்கள்

கேனான்காரர்களுக்கு இன்னும் பெரிய அடி 1987லேயே விழுந்துவிட்டது. பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப் மவுண்ட் கொண்டுவந்தார்கள். எஃப்டி லென்ஸ்கள் ஒரே நாளில் அநாதை.

வெற்று வளைய அடாப்டர் போட்டுக்கொள்ளலாமே என்றால் முடியாது. காரணம் எளிது. லென்ஸ் பூட்டும் இடத்திலிருந்து பிலிம் வரை உள்ள தூரம் எஃப்டியில் 42 மி.மீ., இஎஃப்பில் 44 மி.மீ. பழைய லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தை விட 2 மி.மீ. தள்ளி நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பது தெளியும், தூரத்து மலை தெளியவே தெளியாது.

இந்தத் தூரம் ஏன் இவ்வளவு நீளம்? நடுவில் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும், வ்யூஃபைண்டருக்குப் படம் அனுப்ப. டிஜிட்டலில் அந்தக் கண்ணாடியே தேவையில்லை என்று ஆனபோது அந்த இடம் காலியானது. 2013ல் வந்த சோனி ஏ7ல் முழு அளவு சென்சார், தூரம் வெறும் 18 மி.மீ. அதாவது நடுவில் ஒரு வெற்று உலோக வளையம் போட்டால் உலகத்தின் கிட்டத்தட்ட எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸையும் அதற்குரிய தூரத்தில் நிறுத்திவிடலாம். எஃப்டி, நிக்கான், ரஷ்ய லென்ஸ் எல்லாம் ஒரே வாசலில். பழைய லென்ஸ்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டிஜிட்டல்தான் கடைசியில் அவற்றுக்கு உயிர் கொடுத்தது.

இதில் எனக்கு ஒரு சொந்த லாபம். அப்பா 80களில் வாங்கிய ஜெனிட்டின் ஷட்டர் எப்போதோ இறுகிப்போய்விட்டது. ஆனால் அதிலிருந்த ஹீலியோஸ் 58 மி.மீ. எஃப் 2 நன்றாகவே இருந்தது. போருக்கு முந்தைய சைஸ் பயோட்டாரை அடியொற்றி ரஷ்யர்கள் செய்த லென்ஸ். தஞ்சாவூர் ஈரத்தில் உள்ளே லேசாகப் பூஞ்சை. சிக்பேட்டில் ஒரு பெரியவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு வளையம். அப்பாவைக் கல்யாண வீடுகளில் எல்லோரையும் எடுத்த லென்ஸாலேயே அவரை எடுத்தேன். பின்னணி இலைகள் சுழல்கிற மாதிரி விழுந்தன. அது இந்த லென்ஸின் குறை. இன்று உலகம் முழுக்க அதற்காகவே இதைத் தேடி வாங்குகிறார்கள். எந்த ஆல்பத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்தார் என்பது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சரி, எதை வாங்குவது?

என் பையில் இருப்பது நான்கு. தெருவுக்கும் வீட்டுக்கும் 35. முகத்துக்கு 50, மனசு நன்றாக இருக்கும் நாளில் ஹீலியோஸ். லால்பாக் பூவுக்கும் பூச்சிக்கும் 100 மேக்ரோ. ரங்கனதிட்டு கொக்குகளுக்கு 300. கிட் லென்ஸ் மோசம் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் அதிலேயே எடுங்கள். எந்த எண்ணில் அதிகம் நிறுத்துகிறீர்கள் என்று படத்தின் விவரத்தில் பாருங்கள். 35 பக்கமா, 55 பக்கமா? அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய லென்ஸ். அடுத்தவன் சொல்வது இல்லை, நான் சொல்வதும் இல்லை.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து. அடிக்கடி வெளியே எடுத்து வெயிலைக் காட்டுவது இன்னும் நல்லது. படமும் கிடைக்கும் பாருங்கள்.

பாடிக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் கண்ணாடிக்குத் தள்ளுங்கள். 2004ல் நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த 6 மெகாபிக்சல் டி70யை இன்று யாரும் சீந்த மாட்டார்கள். அதில் மாட்டியிருந்த 50 இன்னமும் வேலை பார்க்கிறது.

பூஞ்சை பிடித்த லென்ஸை வீட்டிலேயே எவ்வளவு தூரம் துடைக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அடுத்த பதிவில்.