மேண்டில் முதல் மாயாபுரி வரை

மின்விளக்கு வராத காலத்தில், திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களில் புனிதரின் சப்பரத்திற்கு முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் சுமந்து நடந்தனர். அவ்விளக்கினுள் வெண்மையாய் ஒளிர்ந்த மேண்டில் என்னும் வலை பெரும்பாலும் தோரியம் ஆக்சைடால் ஆனது. தோரியம் கதிரியக்கமுள்ள தனிமம். 1909இல் ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலார், மணவாளக்குறிச்சியிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அக்கடற்கரையில் மணல் எடுக்கும் தொழில் அதன் பிறகே தொடங்கியது.

அதே மேண்டில், கதிரியக்கத்தைக் காட்டும் எளிய பொருளாகப் பல நாட்டுப் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. வெளியே இருக்கையில் அது செய்யும் தீங்கு மிகச் சிறிது. நொறுங்கிய தூள் மூச்சில் கலப்பதே கேடு. ஆகவே எரிக்காமல், உடைக்காமல், நெகிழி உறையில் மூடி வைக்க வேண்டும்; தொட்ட கையைக் கழுவாமல் உண்ணலாகாது; ஆசிரியர் உடனிருக்க வேண்டும். இவற்றை மாணவர் எளிதில் கற்பர். பெரியவர்கள் மறப்பது வேறொன்றை: அப்பொருள் யார் பொறுப்பில் இருந்தது, அவருக்குப்பின் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற பதிவேட்டை. பூட்டு செய்யும் ஊராராகிய நமக்கு இது விளங்காததன்று.

1968இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, கோபால்ட்-60 அடங்கிய காமா கதிர்க்கருவி ஒன்றை வாங்கியது. 1985க்குப்பின் அது பயனின்றிக் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய பொருளென்று ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரியின் பழைய இரும்புக் கடையில் ஈய உறையைப் பிரித்தார்கள்; உள்ளிருந்த துண்டுகள் கைமாறின. சிலருக்குத் தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது. ஏப்ரல் 26 அன்று ஒருவர் இறந்தார். மாணவரல்லர், ஆய்வாளருமல்லர், இரும்பைப் பிரித்துக் கூலி பெற்ற தொழிலாளி.

கோபால்ட்-60இன் வீரியம் ஏறத்தாழ 5.27 ஆண்டுக்கொரு முறை பாதியாகும். 42 ஆண்டுகளில் எட்டு முறை பாதியாகி, வாங்கிய நாளில் இருந்ததில் 256இல் ஒரு பங்களவே எஞ்சியிருந்தது. அதுவே உயிரைக் குடித்தது.

விதி இல்லாமலில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இலேயே அமைந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004இல் வெளிவந்தன.

நம் பள்ளி, கல்லூரிகளின் பழைய வேதியியல் அலமாரிகளில் யுரேனைல் அசிட்டேட் புட்டி இன்றும் இருக்கக்கூடும். சோடியத்தைக் கண்டறிய ஒரு காலத்தில் அதைப் பயன்படுத்தினர். ஆய்வகத்தைத் துப்புரவு செய்யும் நாளில் அத்தகைய புட்டியோ, பெயர்ச்சீட்டு இல்லாத கனத்த ஈயப் பெட்டியோ கண்ணில் பட்டால், திறக்காமல், எடைக்குப் போடாமல், அறையைப் பூட்டிவிட்டு வாரியத்திற்கு எழுத வேண்டியவர் தலைமையாசிரியர் அல்லது முதல்வர்.