கடைக்குள் நாற்காலி வந்த கதை

ஜவுளிக்கடையில் புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூலாவது கிடைத்துவிடும். எதிரே நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டி, மடித்து, அடுக்கி வைக்கும் பெண்ணுக்குக் கடையில் ஆளே இல்லாத மத்தியான வேளையிலும் உட்கார இடம் இருக்காது. காலையில் நின்றவர் இரவு கடை சாத்தும்வரை நிற்பார். குதிகால் வலி, கால் வீக்கம், கெண்டைக்காலில் புடைத்துக்கொள்ளும் நரம்பு எல்லாம் இந்த வேலையோடு கூட வருபவை. சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசரின் அதட்டல். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. பார்த்தவர்கள் கலங்கினார்கள். ஆனாலும் தமிழ்நாட்டில் சட்டம் மாற இன்னும் 11 ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்றத்துக்கான வழி கோழிக்கோட்டில் பிறந்தது. அங்கே மிட்டாய்த் தெரு பெரிய கடைவீதி. கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடித்தால்தானே அந்தத் தொல்லை என்று பகல் முழுக்கத் தாகத்தை அடக்கிக்கொண்டார்கள். சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்பட்டார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர் இவர்களைக் கூட்டிச் சேர்த்தார். ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு அப்படி உருவானது. முதலில் கேட்டது கழிப்பறை. கூடிப் பேசப் பேச, நாள் முழுக்க நிற்கும் கொடுமையும் பேச்சில் வந்தது. உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்த கடைகளும் இருந்தன.

திருச்சூரில் ஒரு பெரிய புடவைக்கடையில் உரிமை கேட்ட பெண்களை வெளியூர்க் கிளைகளுக்கு மாற்றினார்கள். 2014 கடைசியில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் 100 நாட்களைத் தாண்டியது. பெரிய தொழிற்சங்கங்களின் தயவை எதிர்பார்த்துக் காத்திராமல் இந்தப் பெண்கள் செய்த காரியம் இது. கேரள அரசு 2018-இல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, கடைகளில் இருக்கை தருவதைக் கட்டாயம் ஆக்கியது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

அடுத்தது தமிழ்நாடு. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவை வைத்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ளும்படி, எல்லாத் தொழிலாளருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. எல்லாருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1899-இலேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று கணக்குச் சொன்ன அந்தச் சட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லை. நம் சட்டம் துணிக்கட்டு தூக்கும் பையனையும் சேர்த்தே நினைக்கிறது.

22-ஏ பிரிவைப் படித்தால் எங்கோ பார்த்த வாசகம் என்று தோன்றும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. நின்று வேலை செய்தாக வேண்டிய ஆலைத் தொழிலாளி, இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார இருக்கை வேண்டும் என்று சுதந்திரம் வந்த மறு ஆண்டே எழுதிவிட்டார்கள். நெய்கிற இடத்தில் நிற்பவருக்கு வலிக்கும் கால், அந்தத் துணியை விற்கிற இடத்தில் நிற்பவருக்கு வலிக்காதா? அந்த வாசகம் ஆலையிலிருந்து கடைக்கு வர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கடையில் நிற்பது வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்று முதலாளிகள் நம்பினார்கள், வாங்கப் போகும் நாமும் அதைக் கேள்வி கேட்கவில்லை. எனக்கு இதில் முதலாளிகள் மேல் இருக்கும் கோபம் நம் மேலும் இருக்கிறது.

முதலாளிகளுக்கு இதனால் பெரிய செலவு இல்லை. ஆள் வந்தால் எழுந்திருக்கப் போகிறார்கள். வராத நேரத்தில் உட்காரப் போகிறார்கள். மூலையில் பெயருக்கு இரண்டு ஸ்டூல் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை கேமராவில் பார்த்து அதட்டினால் அது சட்டத்தை நிறைவேற்றியது ஆகாது. அதட்டப்பட்டவர் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் தரலாம்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் இன்னொரு உட்பிரிவும் இருந்தது. ஒரு வேலையை உட்கார்ந்தபடியே திறம்படச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், குறித்த தேதிக்குள் இருக்கை போடும்படி எழுத்தில் உத்தரவிட அது இடம் தந்தது. 22-ஏ பிரிவில் அப்படி எதுவும் இல்லை. பில் போடுகிறவர், பில்லைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறவர், பொட்டலம் கட்டுகிறவர் எல்லாரும் உட்கார்ந்தே வேலை செய்யக்கூடியவர்கள். ஓய்வு கிடைக்கும்போது மட்டுமல்லாமல் வேலை நேரம் முழுக்க அவர்கள் உட்கார்ந்திருக்கலாம். அந்த உட்பிரிவையும் கடைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டும்.