கேசட்டை ஊதினால் கேம் ஓடுமா?

90ஸ் கிட்ஸ் எல்லாரும் கையைத் தூக்குங்க. டிவி கேம் ஓடலைன்னா கேசட்டைக் கழட்டி ஃபூன்னு ஊதினீங்கதானே? நானும்தான்.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு மக்களே.

1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் அடியோடு சரிந்தது. விற்காத கேசட்டுகளை அடாரி நிறுவனம் நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தது. (2014ல தோண்டினாங்க, நிஜமாவே இருந்துச்சு!) கடைக்காரர்களுக்கு வீடியோ கேம் என்ற பேரே கசந்துபோனது.

ஜப்பானில் நின்டெண்டோ விற்ற ஃபாமிகாம் கன்சோலில் கேசட்டை மேலிருந்து செருகணும். 1985இல் அதையே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது உருவத்தை மாற்றினார்கள். விசிஆர் மாதிரி முன்பக்கம் நுழைத்துக் கீழே அழுத்தணும். கடைக்காரர் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரியாது!

ஆனால் அழுத்தி அழுத்தி, உள்ளே இருந்த 72 பின்களும் தளர்ந்தன. தொடர்பு சரியாகக் கிடைக்காவிட்டால், போலி கேசட்டைத் தடுக்க வைத்த சிப் கன்சோலை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். திரை விட்டு விட்டு மினுக்கும்.

"ஊதினா சரியாச்சே டாக்டர்?"

ஆச்சு. ஊதினதால இல்லை, கழட்டி மறுபடி செருகினதால. வாயிலிருந்து போன ஈரம் பின்களை அரிக்கத்தான் செய்யும். ஊதாதீங்கன்னு நின்டெண்டோவே சொல்லுச்சு.

தானாகச் சரியாகிற சளிக்கு அஞ்சாம் நாள் ஊசி போட்டா, பேர் ஊசிக்குத்தான். ஓ.பி.யில தினமும் பார்க்கிறேன்.

இதுல கூத்து என்னன்னா, நம்ம ஊர்ல பரவலா வித்தது மேலிருந்து செருகும் ஃபாமிகாம் நகல்கள். முன்பக்கக் கதவும் கிடையாது, அந்தச் சிப்பும் கிடையாது. ஆனாலும் ஊதினோம்.